விட்டுவைத்த சுவர்கள்

இடிபாடுகளைப் படம் எடுப்பதைவிடச் சுலபமான காரியம் காமிராக்காரனுக்கு வேறு இல்லை. வெளிச்சம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. கூரை போன வீட்டுக்குள் வானம் இறங்கிவிடுகிறது. ஜன்னல் ஒன்று மிஞ்சியிருந்தால் அதுவே சட்டம் போட்டுக் கொடுக்கிறது. காரை உதிர்ந்த இடங்களில் நிழல் விழுந்து, எடுப்பவனிடம் இல்லாத ஆழத்தைப் படத்துக்குத் தந்துவிடுகிறது. மழை பெய்தாலும் நல்லது, வெயில் அடித்தாலும் நல்லது. முகத்தைப் படம் எடுக்கிறவன் அந்த முகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இடிந்த சுவர் எவனையும் எதுவும் கேட்பதில்லை. இந்தச் சௌகரியம்தான் எனக்கு எப்போதும் சந்தேகத்தைத் தந்துவந்திருக்கிறது.

ஐரோப்பா இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட கண்டம். இடிபாட்டின் அழகை அங்கே ஓவியர்கள் முன்பே கண்டுபிடித்துக் களைத்தும் போயிருந்தார்கள். புகைப்படக்காரனுக்குக் கிடைத்தது ஏற்கெனவே தயாராகிவிட்ட ஒரு ரசனை. புகைப்படம் 1839ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1851ல், பிரெஞ்சு அரசாங்கத்தின் புராதனச் சின்னங்களுக்கான குழு ஐந்து பேரைக் காமிராவுடன் ஊர் ஊராக அனுப்பியது. பல்துஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்ற பட்டியல் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்தது. லெ கிரேயும் மெஸ்த்ராலும் சேர்ந்து தெற்கே போனார்கள். கார்கஸோன் கோட்டையை அது சரிந்து கிடந்த நிலையில் எடுத்தார்கள். 1853ல் வியோலெ-லெ-டுக் அங்கே திருப்பணியைத் தொடங்கினார். இன்று அஞ்சலட்டைகளில் வருகிற கூம்புக் கூரைகள் அவருடைய தீர்மானம். அந்த ஐவர் எடுத்தவை அப்போது பிரசுரமாகவில்லை. நெகட்டிவ்கள் அரசாங்க இழுப்பறைகளுக்குள் போய்ச் சேர்ந்தன. ஆக, ஓர் அரசாங்கம் இடிபாட்டைப் படமெடுக்கச் சொன்னது அது இனி இப்படி இருக்கப்போவதில்லை என்பதற்காக. ரசனைக்காக அல்ல, கோப்புக்காக. இதை நான் எங்கோ படித்ததிலிருந்து, எந்த இடிபாட்டுப் படத்தைப் பார்த்தாலும் அதன் பின்னால் ஒரு கோப்பு இருக்கும் என்ற நினைப்பு என்னை விடுவதில்லை.

நாங்கள் போனபோது எங்களிடம் பட்டியல் இல்லை. இருந்ததைக் கைவிட்டோம் என்பது இன்னும் சரி. 2018 மே மாதம், துலூஸில் வேலை பார்க்கும் மகன் தன் வண்டியைப் பன்னிரண்டு நாட்களுக்கு எங்களிடம் கொடுத்து, கூடவே ஒவ்வொரு இரவும் தங்க வேண்டிய இடம், பார்க்க வேண்டியவை, மணிக்கணக்கு எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றியும் கொடுத்தான். "நாலு நாள் கழிச்சு எந்தக் கட்டில்ல படுக்கப்போறேன்னு எனக்கு இன்னிக்கே தெரிய வேணாம்டா" என்றாள் அவன் அம்மா. வண்டி ஓட்டுகிறவள் அவள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆகவே எங்கே திரும்புவது என்கிற அதிகாரமும் அவளுடையது. பயணம் என்பதில் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி நம் வாரப் பத்திரிகைகளின் பயணக் கட்டுரைக்காரர்கள் ஒருவர்கூட எழுதியதாக நினைவில்லை. அவர்கள் எல்லோரும் விமானத்திலிருந்து நேராக ஓட்டலுக்குள் இறங்குகிறவர்கள்.

காமிரா ஒன்றுதான். முப்பத்தைந்து வருஷத்துப் பழைய பிலிம் காமிரா. அதையும் இருவரும் மாற்றி மாற்றி எடுத்தோம். பிலிம் வாங்குவதில்தான் சண்டை. நான் கறுப்பு வெள்ளை, அவள் கலர். அவள் சொல்லும் காரணம், "பார்த்தது கலர்ல, எடுக்கிறது மட்டும் ஏன் வேற?" எனக்குப் பதில் உண்டு, நெடிய பதில், இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு அது மனப்பாடம். கடைசியில் ஆளுக்கு நான்கு சுருள் என்று சமாதானம் ஆயிற்று. பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்ற ஜெர்மன் தம்பதி 1959லிருந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக, கைவிடப்படும் சுரங்கக் கோபுரங்களையும் உருக்காலை உலைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஒரே மாதிரி மூடிய வானத்தின் கீழ், ஆளே இல்லாமல், நேரெதிரே நின்று எடுத்தவர்கள். எல்லாப் படங்களும் இருவர் பெயரிலும்தான். அவர்களுடையது தவம். எங்களுடையது, வழியில் வண்டி நின்ற இடத்தில் இறங்கிய விஷயம். ஆனால் யார் எடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத படங்கள் என்ற ஒரே ஒரு ஒற்றுமை மட்டும் உண்டு. அதைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

சரகோசாவிலிருந்து தென்கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில், வறண்ட வெளியில், ஒரு செங்கல் கோபுரம் தெரிந்தது. பாதி கோபுரம். அவள் திருப்பினாள். பெல்ச்சீத்தே.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1937 ஆகஸ்டு 24லிருந்து செப்டம்பர் 6 வரை, குடியரசுப் படை வீடு வீடாகச் சண்டையிட்டு இந்த ஊரைப் பிடித்தது. 1938 மார்ச்சில் பிராங்கோவின் படை திரும்பப் பிடித்தது. பிராங்கோ ஊரைச் செப்பனிட வேண்டாம் என்று தீர்மானித்தார். எதிரியின் கொடுமைக்குச் சாட்சியாக அது அப்படியே நிற்கட்டும். பக்கத்திலேயே புது ஊர். தோற்ற தரப்பின் கைதிகளைக்கொண்டே அந்தப் புது ஊர் கட்டப்பட்டு 1954ல் திறக்கப்பட்டது. 2013லிருந்து பழைய ஊரைச் சுற்றி வேலி. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். சீட்டு வாங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து பேரோடு நடந்தோம். ஒரு கோபுரத்தில் வெடிக்காத குண்டு செருகி நிற்பதை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். எல்லோரும் அதை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். சான் மார்த்தீன் தேவாலயத்தின் வளைவுகள் வழியே வானம் வந்துபோவதைப் பார்த்தால், சினிமாக்காரர்கள் ஏன் இங்கே திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது புரிகிறது. டெரி கில்லியம் 1988ல் வெளியான தன் மன்ச்சாசன் படத்தின் காட்சிகளுக்கும், கியெர்மோ டெல் தோரோ 2006ல் வெளியான 'பேன்'ஸ் லாபிரிந்த்' படத்தின் தொடக்கத்துக்கும் வந்தார்கள். செலவில்லாத செட்.

அவள் குண்டை எடுக்கவில்லை. வீடுகளுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், "இத்தனை வீட்டுலயும் உத்தரம் எங்க போச்சு? குண்டு விழுந்தா உத்தரத்த மட்டும் எடுத்துட்டா போகும்?" என்று கேட்டாள். நான் அதை அரைகுறை ஆங்கிலத்தில் வழிகாட்டியிடம் கேட்டேன். அந்த இளம்பெண் சிரித்துவிட்டாள். பிறகு அவள் விளக்கியதுதான் அந்த ஊரின் உண்மையான வரலாறு என்று எனக்குப் படுகிறது. போர் முடிந்ததும் ஜனங்கள் வெளியேறிவிடவில்லை. புது ஊரில் வீடு கிடைக்கும்வரை பழைய ஊரிலேயே, நிற்கிற வீடுகளில் குடியிருந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் போனது 1960களின் நடுவில். போகும்போது கதவு, உத்தரம், ஓடு என்று எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துப்போனார்கள். விட்டதை மற்றவர்கள் எடுத்தார்கள். ஓடு போன மண்சுவர் எத்தனை மழைக்குத் தாங்கும்? ஆக, இன்று யுத்தத்தின் இடிபாடு என்று நாம் அண்ணாந்து பார்ப்பதில் கணிசமான பகுதி யுத்தம் இடித்ததே அல்ல. கால் நூற்றாண்டு மனிதர்கள் சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்று, பிறகு கைவிட்ட வீடுகள் அவை. சர்வாதிகாரி தன் எதிரிகளுக்கு எதிராக நிறுத்திய சாட்சி, அவனுடைய சமாதான காலத்தைப் பற்றியும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் எதைப் படத்தில் காட்ட முடியும்? இடிந்த சுவரின் படத்தில் குண்டு இடித்ததும் மழை இடித்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கறுப்பு வெள்ளையில் இன்னும் ஒன்றுபோல. இது காமிராவின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். குறை, படத்தைப் பார்த்ததும் 'அடடா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற நம் ரசனையில் இருக்கிறது. இடிபாடு என்பதை ஒரு பொருளாக, காலம் தன்னிச்சையாகச் செய்துவைத்த சிற்பமாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். காலம் எதையும் செய்வதில்லை. இடிந்ததை எடுத்துக் கட்டாமல் விட்டவர் ஒருவர் இருக்கிறார். ஏன் விட்டார் என்பதற்கு ஒரு காரணமும் தேதியும் இருக்கின்றன. ஐரோப்பாவில் அந்தத் தேதியைப் பெரும்பாலும் தேடிப்பிடித்துவிடலாம். அதுதான் அந்தக் கண்டத்தின் விசேஷம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

வடக்கே மலையை நோக்கிப் போனோம். அயின்ஸா தாண்டி, அரா நதியின் ஓரமாகப் போகும் சாலையில், லவெலீயா, லகோர்த் என்று கூரையற்ற ஊர்கள் வரிசையாக வந்தன. பிறகு எதிர்க்கரையில் ஹானோவாஸ். நதிக்குக் குறுக்கே ஒரு பழைய தொங்குபாலம்.

இங்கே குண்டு போட யாரும் வரவில்லை. அரா நதியில் அணை கட்டும் உரிமை 1951ல் ஒரு மின்சாரக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. 1960களில் நிலமும் வீடும் கையகப்படுத்தப்பட்டன. காலியான வீடுகளை, யாரும் திரும்பி வந்துவிடக் கூடாது என்று, வெடிவைத்துத் தகர்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே. 1966ல் பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகள் இருக்கும்போதே கதவை உடைத்து ஆசிரியையையும் பிள்ளைகளையும் வெளியேற்றினார்கள். மற்றெல்லோரும் போன பிறகும் ஒரு தம்பதி மட்டும் அங்கேயே விவசாயம் செய்துகொண்டு 1984 வரை இருந்தார்கள். அணை கட்டப்படவே இல்லை. 2001ல் சுற்றுச்சூழல் ஆய்வு அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நதி இன்றும் தடையில்லாமல் ஓடுகிறது. தண்ணீரில் மூழ்க வேண்டும் என்பதற்காக அழிக்கப்பட்ட ஊர், தண்ணீரே வராமல் கரையில் நிற்கிறது. துரத்தப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்கள் வீட்டைத் திரும்பப் பெறப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தகர்க்கப்பட்ட வீட்டை விலை கொடுத்து வாங்குவது!

நாங்கள் போன அன்று ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வயதிருக்கும் ஒருவர் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கற்களைத் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்திருந்த பையனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. பெரியவர் கையை உயர்த்தி, ஆகாயத்தில் ஓர் இடத்தைக் காட்டி, தான் பிறந்த அறை அது என்றார். தளம் இல்லை, சுவரில்லை. அவர் விரல் நுனியில் மட்டும் அந்த அறை இருந்தது. நான் காமிராவை அவர் வீட்டுக்கு அடுத்த, முழுதாகச் சரிந்த வீட்டின் பக்கம் திருப்பினேன். படத்துக்கு அதுதான் நன்றாயிருந்தது. அவர் வந்து என் முழங்கையைப் பிடித்து மெதுவாகத் தன் வீட்டின் பக்கம் திருப்பினார். புது ஜன்னல். அதற்குக் கீழே பளபளக்கிற பிளாஸ்டிக் குழாய். இதை எடு என்றார்.

என் சுருள் கறுப்பு வெள்ளை. அதில் எடுத்தால் அவருடைய புதுக் கல்லும் பழைய கல்லும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். திரும்பக் கட்டியதும் இடிந்ததும் ஒன்றாகிவிடும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டினாள். பதினோரு படம் பாக்கி இருந்த சுருளைச் சுற்றி வெளியே எடுத்துவிட்டுக் கலர் சுருளைப் போட்டாள். எனக்கு அந்தப் பதினொன்றின் மேல் ஆதங்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் ஓட்டின் சிவப்பு இருக்கிறது. அந்தச் சிவப்புதான் படம். உருவம், ஒழுங்கு, நிழல் என்று நாம் விமர்சனத்தில் அடுக்குகிற எதுவும் அதில் இல்லை. பிளாஸ்டிக் குழாய் வேறு குறுக்கே போகிறது. இருந்தும் அந்தப் பயணத்தின் இருநூற்றுச் சொச்சம் படங்களில் காரணம் தெரிகிற படம் அது ஒன்றுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒருவர் எதைத் திரும்பக் கட்டுகிறார் என்பது தெரிகிறபோதுதான் எது இடிக்கப்பட்டது என்பதும் தெரிகிறது.

அரா பள்ளத்தாக்கிலிருந்து பிரான்சுக்குத் திரும்பப் பியெல்ஸா வழி. மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை, 1976ல் திறந்தது. வண்டியில் சில நிமிஷம். 1938 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இந்தப் பள்ளத்தாக்குக்குள் குடியரசுப் படையின் ஒரு பிரிவு சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில், குழந்தைகளோடும் மாடுகளோடும், பனி முற்றிலும் உருகாத கணவாயில் ஏறி எல்லையைக் கடந்தார்கள்; பின்னாலேயே படையும். அடுத்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் கேட்டலோனியா பக்கமாக ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கடந்தார்கள். சுரங்கத்துக்குள் ஒன்றும் தெரிவதில்லை. மறுபக்கம் பச்சையாக, மழையாக இருந்தது.

மோன்செகூரைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஏறுவது கடினம், காட்சி அபாரம், 1,200 மீட்டர் உயரத்துப் பாறை உச்சியில் ஒரு கோட்டையின் எலும்புக்கூடு. 1244 மார்ச் 16 அன்று, பத்து மாத முற்றுகைக்குப் பிறகு, தங்கள் மதத்தைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்ட கத்தார்கள் அடிவாரத்தில் எரிக்கப்பட்டார்கள். அந்தப் பிரதேசம் முழுவதும் சாலையோரப் பலகைகள் 'கத்தார் நாடு' என்று வரவேற்கின்றன. அதை நம்பித்தான் எல்லோரும் மூச்சிரைக்க ஏறி உச்சியில் அந்தச் சுவர்களை உருக்கமாகப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சுவர்கள் கத்தார்களுடையவை அல்ல. ஊரைப் பிடித்தவர்களின் ஆட்கள் பிற்பாடு கட்டிய கோட்டை அது. எரிக்கப்பட்டவர்களின் குடியிருப்பு, அகழாய்வாளர்கள் தோண்டிய சில அடித்தளக் கற்களாகக் கீழே கிடக்கிறது. அதற்கு நல்ல கோணம் கிடையாது. ஜெயித்தவனின் இடிபாட்டுக்கு முன்னால் நின்று தோற்றவனுக்காகக் கண் கலங்குகிற இந்தக் காட்சியை ஒரு நகைச்சுவைக் கதைக்காரன் வந்து எழுத வேண்டும். அவள் இறங்குகிற வழியில் சீட்டுக் கொடுக்கிற மரக்கூண்டை எடுத்தாள்.

துலூஸில் ஒரு நாள் துணி துவைத்துவிட்டு வடக்கே கிளம்பினோம். லிமோஜ் போய்ப் பீங்கான் பார்ப்பதாகத்தான் பேச்சு. வழிகாட்டிப் பலகையில் ஒரதூர்-சுர்-கிளான் என்று வந்தது. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டியவள் அடுத்த திருப்பத்தில் திரும்பினாள்.

1944 ஜூன் 10, ஒரு சனிக்கிழமை. ஜெர்மானிய எஸ்.எஸ். படையின் 'தாஸ் ரைஷ்' பிரிவினர் ஊரைச் சூழ்ந்து, ஆண்களைக் களஞ்சியங்களிலும் கொட்டகைகளிலும் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்து எரித்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியே ஒரே ஒரு பெண் குதித்துத் தப்பினாள். 1945 மார்ச்சில் டிகால் வந்து பார்த்தார். ஊரை அப்படியே விட்டுவைப்பது, பக்கத்தில் புது ஊர் கட்டுவது என்று முடிவாயிற்று. தீர்மானத்தின் வடிவம் பெல்ச்சீத்தேயில் பிராங்கோ செய்ததேதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. சர்வாதிகாரியும் விடுதலைத் தலைவனும் ஒரே மாதிரியாகச் சுவர்களை நிறுத்திவைத்தார்கள் என்பதால் இரண்டும் ஒன்று என்று சொல்கிற மூளை சோம்பேறி மூளை. ஒரதூரில் விஷயம் அரசாங்கத்தின் கையில் அடங்கவில்லை. 1953ல் போர்தோவில் நடந்த விசாரணையில், படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அல்ஸாஸ்காரர்களும் குற்றவாளிக் கூண்டில் இருந்தார்கள். பாராளுமன்றம் உடனே அவர்களுக்கு மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஊர் அரசாங்கத்தோடு பேச்சை முறித்துக்கொண்டது. பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தது. ஆதரவாக ஓட்டுப் போட்ட உறுப்பினர்களின் பெயர்களை இடிபாட்டின் வாசலில் எழுதிவைத்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த நினைவகத்தில் சாம்பலை வைக்க மறுத்துத் தானே ஒன்று கட்டிக்கொண்டது. தங்கள் சுவர்களுக்கு என்ன அர்த்தம் என்பதை அரசாங்கம் சொல்ல அவர்கள் விடவில்லை. புது ஊரில் பல வருஷங்கள் திருவிழா இல்லை, நடனம் இல்லை. இடிபாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்வது என்னவென்று அந்தப் புது ஊரில் வளர்ந்த குழந்தைகள்தான் சொல்ல வேண்டும்.

வாசலில் 'மௌனம்' என்ற பலகை. டிராம் தண்டவாளம் தெருவில் அப்படியே கிடக்கிறது. துருப்பிடித்த கார். தேவாலயத்துக்குள் உருகிக் கட்டியாகிவிட்ட மணி. கூரையில்லாத வீடுகளுக்குள், அடுப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்திலும் சுவரோரத்திலும், தையல் மிஷின்கள். எரிந்த வீட்டில் இரும்பு மட்டும் மிஞ்சும். அவள் ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்றாள். முப்பது வருஷம் வீட்டில் தைத்துப் பள்ளிக்கூடச் சீருடை விற்றவள். அந்த வருமானத்தில்தான் மகன் படித்தான். "இது கால் மிஷின். இது கை மிஷின்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள். எத்தனை எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை. காமிராவை என்னிடமிருந்து வாங்கவும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் படம் எடுப்பதே தகாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ஊரை விட்டுவைத்ததே பார்க்கத்தான். பார்ப்பதற்கு வந்தவன் கண்ணை மூடிக்கொள்வதில் என்ன மேன்மை? நான் நான்கு படங்கள் எடுத்தேன்: தெரு, தண்டவாளம், ஒரு வாசற்படி, இன்னொரு வாசற்படி. கறுப்பு வெள்ளை. நன்றாகவே வந்திருக்கின்றன. அந்த 'நன்றாக' என்ற வார்த்தையை இவற்றுக்குப் பயன்படுத்தலாமா என்பதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் கோணலாக, மங்கலாக எடுத்திருந்தால் மரியாதை கூடியிருக்குமா என்ன?

தெருவின் கோடியில் சாரம் கட்டியிருந்தது. இரண்டு கொத்தனார்கள் ஒரு வீட்டுச் சுவரின் தலைப்பில் சாந்து பூசிக்கொண்டிருந்தார்கள். மேலே மழைத் தண்ணீர் இறங்கினால் சுவர் விழுந்துவிடும். செடி முளைத்தாலும் விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுவரையும் அது 1944ல் இருந்த உயரத்திலேயே, அதே உடைவோடு, நிறுத்திவைக்க வேண்டும். புதிதாகத் தெரியவும் கூடாது. விழவும் கூடாது. இடிபாட்டை இடியாமல் பார்த்துக்கொள்வதற்கு முடிவே இல்லை. எரிவதைப் பார்த்தவர்களும் இப்போது இல்லை. களஞ்சியப் படுகொலையிலிருந்து உயிர் தப்பியவர்களில் கடைசியாக இருந்த ரொபேர் ஹெப்ராஸ் 2023ல் இறந்தார். இனிமேல் கொத்தனார்கள்தான். வியோலெ-லெ-டுக் கூரை போட்டு முடித்துவிட்டுப் போக முடிந்தது. இவர்கள் கூரை போடவும் முடியாது, முடிக்கவும் முடியாது.

அங்கே அவள் காமிராவை வாங்கினாள். சாரத்தின் கீழே ஒரு வாளி, பாதி சாந்து, அதன்மேல் குறுக்காக ரசமட்டம். அதை எடுத்தாள். ஒரே ஒரு படம். என் கறுப்பு வெள்ளைச் சுருளில்.

ஊருக்குத் திரும்பி, சென்னையில் இன்னும் பிலிம் கழுவுகிற ஒரு கடையில் கொடுத்து வாங்கி, படங்களைக் கூடத்தில் பரப்பிவைத்தபோது யாருடையது எது என்று பல நாட்கள் விளையாட்டாக வாதம் நடந்தது. அவள் என்னைவிட அரை அடி குட்டை. ஜன்னல் விளிம்பு உயர்ந்திருந்தால் அவளுடையது என்று ஒரு கணக்கு வைத்தோம். அதுவும் பாதிப் படங்களுக்குச் சரிவரவில்லை. மகன் வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "எந்த ஊர் எதுன்னே தெரியலையே, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஊரும், தேதியும், யார் இடித்தது, யார் விட்டுவைத்தது என்பதையும் பென்சிலால் எழுத உட்கார்ந்தேன். மோன்செகூருக்கு எழுத இரண்டு பக்கம் வேண்டியிருந்தது, படமே பின்னட்டையாகிவிட்டது.

ஒரதூருக்கு எழுதும்போது அங்கே வாங்கிய சிறு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இறந்தவர்கள் 642 என்று இருந்தது. நாங்கள் வந்த பிறகுதான் ஒரு ஸ்பானிய ஆய்வாளர் பழைய ஆவணங்களிலிருந்து இன்னொரு பெயரைக் கண்டெடுத்தார். உள்நாட்டுப் போரிலிருந்து குடும்பத்தோடு தப்பி, மலையைத் தாண்டி, ஒரதூரில் வந்து தங்கியிருந்த ஒரு ஸ்பானியப் பெண். அந்த ஊரில் அப்படி வந்து சேர்ந்து செத்துப்போன ஸ்பானிய அகதிகள் ஏறக்குறைய இருபது பேர். மற்றவர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தன. அவள் பெயர் மட்டும் எழுபத்தைந்து வருஷம் விட்டுப்போயிருந்தது. நான் இதைப் படித்துச் சொன்னதும் அவள் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, புத்தகத்தில் அந்த 2ஐ அடித்துவிட்டு மேலே 3 என்று எழுதினாள்.